திரை செத்த செல்லும் ரெண்டு வாசல் மோட்டார் ரூமும்

என் செல்லுக்குத் திரை செத்து ரெம்ப நாளாச்சு.

பட்டன் செல். வாய்க்காலில் விழுந்தது. எடுத்துத் துடைத்து அரிசி டப்பாவுக்குள் போட்டு வைத்தேன். மறுநாள் எடுத்தால் மணி அடித்தது, பேச்சுக் கேட்டது. திரை மட்டும் வரவில்லை. கறுப்பாகவே கிடந்தது.

கடைக்குக் கொண்டுபோகவில்லை. எனக்குத் திரை எதுக்கு? ரெண்டாம் பட்டனை அமுக்கிப் பிடித்தால் வீட்டுக்காரிக்குப் போகும். மூணாம் பட்டனை அமுக்கிப் பிடித்தால் மோட்டாருக்குப் போகும். நாலு, திராட்சை வியாபாரிக்கு. அதுக்கு மேல் எனக்குப் பேச ஆளில்லை. பேச்சும் இல்லை.

யார் கூப்பிடுகிறார்கள் என்று எப்படித் தெரியும் என்பார்கள். மணி அடிக்கிற தினுசில் தெரியும். வீட்டுக்காரி எடுக்கிறவரைக்கும் விடமாட்டாள். வியாபாரி கொஞ்சம் அடித்துவிட்டு வைத்துவிடுவார், நம்மைக் கூப்பிட வைப்பார். சாப்பிட்டுவிட்டுக் கண் சொக்குகிற நேரத்தில் அடித்தால் அது ஏதாவது கம்பெனி. அதை எடுக்கிறதில்லை.

மோட்டாருக்கு எப்படிப் போன் போகும் என்று விளங்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கிணத்து மோட்டார் ஸ்டார்ட்டரோடு ஒரு பெட்டியை மாட்டியிருக்கும். அதுக்குள் ஒரு சிம் கார்டு. வீட்டில் இருந்தபடி அந்த நம்பருக்கு ஒரு மணி விட்டு வைத்தால் மோட்டார் ஓடும். ரெண்டு மணி விட்டு வைத்தால் நிக்கும். வைக்காமல் காதில் பிடித்திருந்தால் ஒரு பொம்பளைக் குரல் பேசும். "உங்கள் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது" என்று சொல்லும். இல்லை, "நின்றுகொண்டிருக்கிறது" என்று சொல்லும். நம்ம நம்பர் அதில் ஏற்றியிருக்கணும். தெரியாத நம்பருக்கு அது மசியாது.

எனக்கு அந்தப் பொம்பளையைப் பிடிக்கும். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்.

கிணறு எங்கப்பா வெட்டினது. எனக்குப் பாதி, என் தம்பிக்குப் பாதி. எனக்குப் பந்தல் போட்டுப் பன்னீர் திராட்சை. அவனுக்கு வாழை. ஒரே மோட்டார்தான். முறை வைத்துப் பாய்ச்சிக்கொள்கிறோம். பேச்சு மட்டும் கிடையாது.

ஏன் என்றால், மோட்டார் ரூமைப் புதுசாகக் கட்டினோம். வாசலைக் கிழக்கே வை என்றேன் நான். அங்கேதான் என் திராட்சை. மேற்கே வை என்றான் அவன். அங்கே அவன் வாழை. கொத்தனார் சாந்து காய்கிறவரைக்கும் உட்கார்ந்து பார்த்தார். பிறகு ரெண்டு பக்கமும் வாசல் வைத்துப் பூசிவிட்டுப் போய்விட்டார். பத்துக்குப் பத்து ரூமுக்கு ரெண்டு வாசல். ரெண்டு பூட்டு. அன்றோடு பேச்சு நின்றது.

ஆனால் ஒருத்தரைப் பற்றி ஒருத்தருக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. அவன் முறை அன்றைக்கு நான் மூணாம் பட்டனை அமுக்குவேன். "ஓடிக்கொண்டிருக்கிறது" என்றால் தம்பி நல்லபடியாக இருக்கிறான். ஒருதரம் அவன் முறையில் மோட்டார் ஓடவே இல்லை. அடுத்த முறையும் ஓடவில்லை. வீட்டுக்காரியிடம் சொன்னேன். விசாரித்து வந்தாள். காய்ச்சலாம். அவனும் இப்படித்தான் என்னை விசாரித்திருப்பான். அந்தப் பொம்பளைக்கு எங்கள் ரெண்டு பேர் சேதியும் தெரியும்.

பொம்பளைகள் கதை வேறு. என் வீட்டுக்காரியும் அவன் வீட்டுக்காரியும் நேருக்கு நேர் பேசமாட்டார்கள். ஆனால் பேசாமல் இருக்கவும் மாட்டார்கள். சாடைதான். இவள் இந்த வரப்பில் நின்று எங்கள் ஆட்டிடம் பேசுவாள். அவள் அந்த வரப்பில் நின்று அவர்கள் நாயிடம் பேசுவாள். கோம்பை நாய். செவலை. காட்டுப்பன்னியையே விரட்டுகிற சாதி. அது படுகிற பாட்டைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

"ஏலே நாயே, ஒனக்கு இருக்கிற நன்றி சில மனுசருக்கு இருக்கா?"

"ஏ ஆடே, நீயாச்சும் அடுத்தவுக வரப்புல வாய வைக்காம மேயி."

நாயும் ஆடும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் தம்பி மகள் ஊருக்கு வந்தாள். கோயம்புத்தூரில் என்ஜினியர் வேலை. எங்களுக்குள் பேச்சில்லை என்றாலும் பிள்ளைக்கு அது கிடையாது. ரெண்டு வீட்டிலும் சாப்பிடுவாள்.

வந்ததும் முதலில் ஒரு ஆப் கொண்டுவந்தாள். என் வீட்டுக்காரியிடம் டச் போன் இருந்தது. தம்பிக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தாள், புது நம்பரோடு. ரெண்டிலும் ஏற்றினாள். திரையில் மோட்டார் படம். தொட்டால் பச்சையாகிச் சுத்தும். கீழே ரெண்டு குழாய்ப் படம். ஒன்றில் திராட்சைக் குலை, ஒன்றில் வாழைப்பழச் சீப்பு. எதைத் தொடுகிறோமோ அந்தப் பக்கத்துக்குத் தண்ணி போகும். அதுக்கென்று குழாய்களில் கரண்டு வால்வும் மாட்டினாள்.

படம் நன்றாகத்தான் இருந்தது. வெயிலில் தெரியவில்லை. வீட்டுக்காரி முந்தானையைத் தலையோடு போர்த்திக்கொண்டு உள்ளே போனை வைத்துப் பார்ப்பாள். பழைய காலத்துப் போட்டோக்காரர் மாதிரி. தம்பிக்கு வேறு தொல்லை. மம்பட்டி பிடித்து அவன் விரல் காப்புக் காய்த்துப் போயிருக்கிறது. அவன் தொட்டதை விரல் என்றே கண்ணாடி ஒத்துக்கொள்ளவில்லை. தொடுவான், தேய்ப்பான், குத்துவான். தூரத்தில் இருந்து பார்த்தேன். சிரிக்கவில்லை. இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒருநாள் வரப்பில் வைத்திருந்த போனை எங்கள் ஆடு நக்கியது. மோட்டார் ஓடிவிட்டது. தம்பி விரலை மதிக்காத கண்ணாடி ஆட்டு நாக்கை மதித்தது.

அதைவிட மோசம், யார் எத்தனை மணிக்கு மோட்டாரைப் போட்டார்கள் என்று அந்தத் திரை காட்டிக்கொடுத்தது. முன்னே பொம்பளைகள் சந்தேகப்பட்டு வைவார்கள். இப்போது பார்த்துப் பார்த்து வைதார்கள்.

பிள்ளைக்கே சடைத்துப் போனது. ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"திரையே வேணாம் பெரியப்பா. எங்க ஆபீசுல இப்ப அதுதான் வேலை. இனிமே எல்லாச் சாமானும் நம்ம பேச்சைக் கேக்கும். பாத்துத் தொடுறது, தேடுறது எதுவும் இருக்காது. திரையில்லாத காலம் வருது."

"எனக்கு வந்து ரெம்ப நாளாச்சு ஆத்தா."

செல்லை எடுத்துக் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அமுக்கினாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"இது ஒடஞ்சது பெரியப்பா. நாங்க திரையே இல்லாமச் செய்றோம்."

"செஞ்சதை ஒடச்சாப் போதாதா?"

"இதை எங்க ஆபீசுல காட்டணும். குடுங்க."

"தரமாட்டேன்."

அப்படித்தான் அந்தப் பேச்சுப் பெட்டி வந்தது. உள்ளங்கை அகலம். மோட்டார் ரூமின் வெளிச் சுவரில், மழை படாதபடி இறவாணத்துக்குக் கீழே மாட்டினாள். நாம் பேசினால் கேட்டு மோட்டாரைப் போடும், நிறுத்தும், வால்வைத் திறக்கும். ஆப்பை ரெண்டு போனிலும் அழித்தாள். பழைய சிம் பெட்டியை மட்டும் கழற்றாமல் விட்டாள்.

"அது எதுக்கு?" என்றேன்.

"எதுக்கும் இருக்கட்டும். போன்ல நிறுத்துனா மறுபடி போன்ல சொன்னாத்தான் ஓடும். அப்படி இணைச்சிருக்கேன். ஒரு பயத்துக்குத்தான்."

என் நம்பர் மட்டும்தான் அதில் இருந்தது. தம்பி பழைய நம்பரை விட்டுவிட்டான், புது நம்பரை ஏற்றவில்லை. பேசினாலே போதுமே, போன் எதுக்கு என்று விட்டாயிற்று.

பெட்டிக்குப் பேர் வைக்கிற அன்றைக்கு எல்லாரும் கூடினோம். பிள்ளை ரூமுக்குள் நின்றாள். நாங்கள் கிழக்கு வாசலில். அவர்கள் மேற்கு வாசலில்.

"இதுக்கு ஒரு பேர் வேணும். பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் காது குடுக்கும். சும்மா பேசிட்டிருந்தாக் கண்டுக்காது" என்றாள்.

"அய்யா பேரை வையி" என்றான் தம்பி, மகளிடம்.

எனக்கும் அதே நினைப்புத்தான். கிணறு வெட்டினவர் அவர். வெகு காலம் கழித்து ரெண்டு பேருக்கும் ஒரே நினைப்பு. நான் காட்டிக்கொள்ளவில்லை.

அவன் வீட்டுக்காரி பாய்ந்தாள். "நல்லாருக்கே! மாமனாரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, மோட்டாரைப் போடுன்னு நான் ஏவுறதா? நாக்கு அழுகிப் போகும்."

என் வீட்டுக்காரி ஆட்டைப் பார்த்துச் சொன்னாள். "கேட்டுக்க. இம்புட்டு நாள்ல இன்னைக்குத்தான் சில பேரு வாயில நியாயம் வருது."

"அப்பச் சாமி பேரு?" என்றாள் பிள்ளை.

"சாமிய ஏவுவியா நீ?" இது தம்பி.

"நாய் பேரு?"

"கூப்பிட்டா நாயி வந்து நிக்கும். மோட்டாரும் ஓடும்" என்றாள் அவள் அம்மா.

பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் வீட்டுக்காரியைப் பார்த்தேன்.

கடைசியில் என் வீட்டுக்காரிதான் முடித்துவைத்தாள். "பேரு எதுக்கு? கழுத்துல தாலி ஏறுன நாள்ல இருந்து இவுகள நான் ஒருக்காவாச்சும் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கேனா? இவுகளுக்குக் கேக்கலையா?"

"அதானே!" என்றாள் மேற்கு வாசலில் இருந்து அவள். சொன்ன பிறகுதான் யாருக்கு ஒத்து ஊதினோம் என்று உறைத்தது. சட்டென்று நாய்ப் பக்கம் திரும்பி, "ஒன்கிட்டத்தான் சொன்னேன்" என்றாள்.

"பேரில்லாட்டி எல்லாப் பேச்சையும் தனக்குன்னு எடுத்துக்கும் பெரியம்மா" என்று பிள்ளை சொல்லிப் பார்த்தாள்.

"எடுத்துக்கட்டும். நாங்க என்ன தப்பாவா பேசுறோம்?"

பேரில்லாமலே விட்டாள். எங்கள் நாலு பேர் குரலுக்கு மட்டும் கேட்கும்படி பழக்கினாள். ரூமுக்குள் போகிற வேலையே இனி இல்லை என்று தம்பி தன் சாவியை மகளிடமே கொடுத்துவிட்டான். என் சாவி என் இடுப்பில்.

எனக்குத்தான் கஷ்ட காலம் வந்தது. எல்லாருக்கும் திரையில் பார்ப்பது கஷ்டம், பேசுவது லேசு. எனக்குப் பேசுவதுதான் கஷ்டம். வீட்டில் நான் 'ம்' என்றால் சோறு வரும். 'ம்ம்' என்றால் குழம்பு வரும். பெட்டி முன்னால் போய் நின்று 'ம்' என்றேன்.

"மன்னிக்கவும். புரியவில்லை. மீண்டும் சொல்லவும்."

"போடு."

"எதைப் போட வேண்டும்?"

"மோட்டார்."

"எந்தப் பக்கம் தண்ணீர் செல்ல வேண்டும்?"

"இந்தப் பக்கம்."

"மன்னிக்கவும். எந்தப் பக்கம்?"

"திராட்சை."

ஒரு வாரத்துப் பேச்சு அன்றைக்கே தீர்ந்தது. வண்டிப் பாதையில் போனவன் நின்று கேட்டான்.

"யாருகிட்டண்ணே பேசுறீக?"

"செவத்துகிட்ட."

தலையை ஆட்டிக்கொண்டு போனான். தம்பிக்கு அந்தக் கூச்சம் இல்லை. வாழைக்குள் இருந்தே மாட்டை அதட்டுகிற மாதிரி, "ஏலே, வாழைக்கு விடு!" என்பான். "சரி" என்று கேட்கும். மூஞ்சியெல்லாம் சிரிப்பாகிவிடும் அவனுக்கு.

பொம்பளைகளுக்கு ரெம்பப் பிடித்துவிட்டது. எம்புட்டுப் பேசினாலும் குறுக்கே பேசாமல் கேட்கிற ஆள் வீட்டில் வேறு யாரும் இல்லை.

அந்தச் சமயம் என் பந்தலில் பழம் கறுத்து வந்தது. போன வெட்டு முழுசும் மழையில் வெடித்துப் போயிருந்தது. கன்னங்கரேலென்று நிற்கிற பழம், வெட்டுகிற நேரத்தில் தண்ணி குடித்தால் தோல் தாங்காது. வெடித்துவிடும். வெடித்த பழத்தில் ஈ மொய்க்கும். பக்கத்துக் குலையையும் கெடுக்கும். வியாபாரி வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். இந்த வெட்டும் போனால் பந்தலைப் பிரித்துவிட்டு நானும் வாழை வைத்துவிடுவது என்று வீட்டில் பேசி முடித்திருந்தோம். சொல்லிவிட்டேனே தவிர, அந்தப் பந்தல் கல்லை ஊன்றினவன் நான். பிடுங்க மனசில்லை.

வியாபாரி வந்து ஒரு பழத்தை வாயில் போட்டார். கண்ணை மூடினார். "வர்ற வாரம் வெட்டிக்கிறேன். அதுவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி காட்டாதீக" என்றார்.

பெட்டி முன்னால் போய் நின்றேன். "திராட்சைக்கு வேணாம்" என்றேன். நான் அதுகிட்டப் பேசினதிலேயே நீளமான பேச்சு.

"சரி. திராட்சை வால்வு மூடப்பட்டது."

கிணத்துத் தண்ணி முழுசும் வாழைக்குப் போனது. தம்பிக்கு விவரம் தெரியும். அவனும் திராட்சை வைத்தவன்தான்.

வெட்டுக்கு முன்னால் கம்பம் டவுனுக்குப் போனேன். பழப் பெட்டிக்குள் விரிக்கப் பழைய பேப்பர் வேண்டும். கடையில் பேப்பர் கட்டை எடை வைத்துக்கொண்டிருந்தார்கள். சட்டைப் பையில் செல் அடித்தது. பாதி மணிதான். அறுந்தது.

எடுத்துப் பார்த்தேன். கறுப்புத் திரை. அதில் என்ன தெரியும்?

மறுபடி பாதி மணி. அறுந்தது.

இது வீட்டுக்காரி இல்லை. வியாபாரி இல்லை. கம்பெனி இல்லை. இந்த மணியை நான் மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். மறக்கவில்லை.

ரூமுக்கு ஒரு வாசல் இருந்த காலத்தில், நான் மோட்டாரண்டை நிற்பேன், தம்பி கடைசிப் பாத்தியில் நிற்பான். கூப்பிட்டால் கேட்காத தூரம். பாத்தி நிறைந்ததும் பாதி மணி விடுவான். கொஞ்சம் நிறுத்தி இன்னொரு பாதி மணி. தண்ணி போதும், நிறுத்து என்று அர்த்தம். காசும் போகாது, பேச்சும் வேண்டாம். வாசல் ரெண்டான பிறகு அந்த மணி வரவே இல்லை.

தண்ணி எங்கே, ஏன், எப்படி என்று யோசிக்கவில்லை. விரல் தானாக மூணாம் பட்டனுக்குப் போனது. அமுக்கிப் பிடித்தேன். ரெண்டு மணி விட்டு வைத்தேன். பிறகு இன்னொருதரம் அமுக்கிக் காதில் பிடித்தேன்.

"உங்கள் மோட்டார் நின்றுகொண்டிருக்கிறது" என்றது பொம்பளை.

பேப்பர் கட்டை வண்டியில் வைத்துக் கட்டாமல்கூடக் கிளம்பிவிட்டேன். பாதிப் பேப்பர் ரோட்டில் பறந்தது.

என்ன நடந்தது என்பது பிறகுதான் முழுசாகத் தெரிந்தது. பெட்டி எல்லாவற்றையும் பதிந்து வைத்திருந்தது. பிள்ளை போட்டுக் காட்டினாள்.

என் வீட்டுக்காரி ஆட்டிடம் தொடங்கியிருக்கிறாள். "பாத்தியா ஆடே. கெணறு பூரா ஒரே பக்கம் போகுது. நம்ம முறை வர்றப்பத் தவளைதான் கெடக்கும்."

அவன் வீட்டுக்காரி நாயிடம். "ஏலே, தண்ணி வேணாம்னு மூடுனது யாரு? இப்ப வயிறு எரியிறது யாருக்கு? அம்புட்டு எரிஞ்சாத் தொறந்து விடு. திராட்சைக்கே விடு. பூராத் தண்ணியவும் திராட்சைக்கு விடு. குடிச்சுக் கொழுக்கட்டும்."

நாய் ஒன்றும் செய்யவில்லை. அதுக்குப் பழக்கம். பெட்டி புதுசு. "சரி. திராட்சைக்குத் தண்ணீர் திறக்கப்படுகிறது" என்றது. அந்தச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

வாழைக்குள் இருந்த தம்பிக்குத் தண்ணி நின்றது தெரிந்து வெளியே வந்திருக்கிறான். பார்த்தால் என் பந்தலுக்குள் தண்ணி பளபள என்று ஏறுகிறது. ஓடி வந்து, "நிறுத்து! நிறுத்து!" என்று கத்தியிருக்கிறான்.

"சரி. மோட்டார் நிறுத்தப்பட்டது."

அவன் வீட்டுக்காரி தன்னைத்தான் அதட்டுகிறான் என்று எடுத்துக்கொண்டாள். "நான் எதுக்கு நிறுத்தணும்? ஆரம்பிச்சது அங்கன. நான் நிறுத்த மாட்டேன். நீ விடு ஏலே, திராட்சைக்கே விடு!"

"சரி. திராட்சைக்குத் தண்ணீர் திறக்கப்படுகிறது."

"அடியே, தண்ணி ஏறுதுடி!"

"ஏறட்டும்!"

என் வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? "ஆடே, நல்லா விடச் சொல்லு. திராட்சைக்கு விடச் சொல்லு. மெரட்டுறாகளாக்கும்!"

"சரி."

தண்ணி நிசமாகவே வருகிறது என்று ரெண்டு பேருமே நினைக்கவில்லை. பேச்சுக்குச் சொன்னதுதானே. தம்பி நிறுத்து என்பான், நிக்கும். இவர்கள் விடு என்பார்கள், ஓடும். ரெண்டு வாசலும் பூட்டியிருக்கிறது. அவன் சாவி மகளிடம். மகள் தேனிக்குப் போயிருந்தாள். அவன் தன் பெண்டாட்டியிடம் கத்திப் பார்த்தான், எடுபடவில்லை. என் வீட்டுக்காரியிடம் சொல்லலாம் என்றால் எங்கள் வீட்டோடு பேச்சில்லை. வாயைத் திறந்தானாம். மூடிக்கொண்டானாம். அப்புறம் சட்டைப் பையில் கை விட்டானாம். அந்த டச் போனில் என் நம்பரைப் போட அவனுக்கு எம்புட்டுப் பாடோ. காப்புக் காய்த்த விரல்.

நான் போய்ச் சேர்ந்தபோது சத்தமே இல்லை. பொம்பளைகள் ஆளுக்கொரு வரப்பில் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார்கள். தண்ணியைப் பார்த்துவிட்டார்கள். பெட்டி மட்டும், "மன்னிக்கவும். மோட்டார் தொலைபேசி வழியாக நிறுத்தப்பட்டுள்ளது" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது.

தம்பி என் பந்தலுக்குள் நின்றான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பள்ளத்துப் பக்கம் வரப்பை வெட்டித் தண்ணியை வெளியே இழுத்துக்கொண்டிருந்தான். முதல் வரிசைகளில் கணுக்கால் நனைய நின்றது. உள்ளே இன்னும் ஏறவில்லை.

நான் என் மம்பட்டியை எடுத்துக்கொண்டு அந்தக் கடைசிக்குப் போனேன். அவன் அங்கிருந்து வெட்டி வந்தான். நான் இங்கிருந்து வெட்டிப் போனேன். நடுவில் மம்பட்டியும் மம்பட்டியும் முட்டிக்கொண்டது. தண்ணி வாய்க்காலில் இறங்கியது. அவன் தலைக்கு மேலே குலைகள். ஒன்றைத் தாங்கிப் பார்த்தான், அமுக்காமல். தலையை ஆட்டினான். தப்பிக்கும் என்று அர்த்தம்.

என் சாவியை எடுத்துக் கிழக்கு வாசலைத் திறந்தேன். மெயினை இறக்கினேன். பின்னாலேயே அவனும் வந்து பெட்டியின் ஒயரைப் பிடுங்கினான். பழக்கத்தில் மேற்கு வாசலுக்குப் போய்த் தள்ளினான். வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. திரும்பி என் வாசல் வழியாகவே போனான்.

வெட்டு நடந்தது. தண்ணி குடித்த முதல் வரிசைகளில் வெடித்தது. மத்தது முழுசும் தப்பியது. வியாபாரி கொஞ்சம் முகத்தைச் சுளித்தார், ஆனால் வண்டி நிறைந்துதான் போனது. பந்தல் நிக்கிறது.

வெடித்த குலைகளைக் கழித்து வீட்டுக்காரி தூக்குவாளியில் அடைத்தாள். பிள்ளையிடம் கொடுத்து, "நாய்க்குப் போடச் சொல்லு" என்றாள். சாயங்காலமே தூக்குவாளி வாழைப்பழத்தோடு திரும்பி வந்தது. ஆட்டுக்குப் போடச் சொன்னார்களாம். எங்கள் ஆட்டுக்கு அன்றைக்கு ஒரு பழம்கூடக் கிடைக்கவில்லை.

பதிவைக் கேட்டுக் கேட்டுப் பிள்ளைக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. சிரித்துத்தான்.

"பேசுறது ஒருத்தர்கிட்ட, படவேண்டியது இன்னொருத்தர் காதுல. இப்படி ஒரு பேச்சு இருக்குன்னு நான் அதுக்குச் சொல்லிக் குடுக்கவே இல்ல பெரியப்பா. நானும் இந்த ஊர்க்காரிதான. எனக்கே தோணல."

"அதைக் குத்தம் சொல்ல முடியாது. அது ஒழுங்காத்தான் கேட்டுச்சு. நாங்கதான் அதுகிட்டப் பேசல."

"ஆபீசுக்குக் கொண்டுபோய்ச் சரி பண்றேன். இல்லாட்டி ஒண்ணு செய்வோமா? கையை அசைச்சா ஓடுற மாதிரி ஒண்ணு இருக்கு. பேச்சே வேணாம்."

"இங்கனப் பொம்பளைக கைய ஆட்டாம எங்க பேசுறாக?"

அவள் யோசித்தாள். "அய்யய்யோ" என்றாள்.

பேச்சுப் பெட்டியையும் கரண்டு வால்வையும் கழற்றிக்கொண்டு, கையால் திருப்புகிற வால்வை மாட்டினாள். போகும்போது பழைய சிம் பெட்டியில் தம்பியின் புது நம்பரையும் ஏற்றிவிட்டுப் போனாள். என் செல்லுக்குத் திரை மாற்றித் தருகிறேன் என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

அவள் போன பிறகு ஒருநாள், சாப்பிட உட்கார்ந்திருந்தேன். வெட்டு முடிந்த கொடிக்குத் தண்ணி பாய்ச்சணும். அன்றைக்கு அவன் முறை. நாளைக்குத்தான் என் முறை. செல் பாதி மணி அடித்து நின்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு பாதி.

வெளியே வந்து பார்த்தேன். வாழைப் பக்கம் தண்ணி நின்றிருந்தது. வால்வு என் பக்கம் திரும்பியிருந்தது. அவன் முறை முடிய இன்னும் நேரம் கிடந்தது. மூணாம் பட்டனை அமுக்கி ஒரு மணி விட்டேன். மோட்டார் ஓடியது. பந்தலுக்குத் தண்ணி வந்தது. அவனுக்கு எந்தப் பட்டனும் என்னிடம் இல்லை. நம்பரை மனசில் இருந்து ஒவ்வொன்றாக அமுக்கினேன். பிள்ளையிடம் கேட்டு வைத்திருந்தேன். பாதி மணி விட்டு அறுத்தேன்.

உள்ளே வந்து சோத்தில் கை வைத்தேன்.

"யாரு போன்ல?" என்றாள் வீட்டுக்காரி.

"தம்பி."

கரண்டி நின்றது. "கொழுந்தனாரா? என்ன சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லல."

"நீங்க என்ன சொன்னீக?"

"நானும் ஒண்ணும் சொல்லல."

"அதுக்கு எதுக்கு இம்புட்டுச் சிரிப்பு?"

"ம்ம்" என்றேன்.

குழம்பு ஊத்தினாள்.